கேட்காமல் வரும் தட்டு

கிரேக்க நாட்டின் வோலோஸ் துறைமுகத்தில், மதியம் ஒரு மணிக்கு உணவகத்தில் வந்து உட்காருகிறவர்கள் சாப்பிட என்ன வேண்டும் என்று சொல்வதில்லை. குடிக்க என்ன வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறார்கள். அதற்கும் ஒரு சொல் போதும். சோம்பு சேர்த்தது வேண்டுமென்றால் 'மே', சேர்க்காதது வேண்டுமென்றால் 'ஹோரீஸ்'. பரிசாரகர் தலையாட்டிவிட்டு உள்ளே போகிறார். சற்று நேரத்தில் ஆளுக்கொரு சிறு குப்பி சிப்புரோ வருகிறது. கூடவே, யாரும் கேட்காத ஒரு தட்டும் வருகிறது.

அந்தத் தட்டுக்குப் பெயர் மெஸே. அது வரும் கடைக்குப் பெயர் சிப்புராதிக்கோ. சிறு தட்டுகளைப் பகிர்ந்து உண்ணும் கடலோர ஊர்கள் உலகில் நிறைய இருக்கின்றன. அவற்றில் இந்த ஊருக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். இதைவிட நுட்பமாகச் சமைக்கும் ஊர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு தட்டுக்குப் பின் எந்தத் தட்டு வரவேண்டும், எவ்வளவு நேரம் கழித்து வரவேண்டும், எவ்வளவு குறைவாக வரவேண்டும் என்பதை இவ்வளவு ஆழமாக யோசித்த ஊர் வேறில்லை.

குப்பியிலிருந்து தொடங்குவோம். வழக்கமான அளவு 25 மில்லி. சில கடைகளில் அதன் இரட்டிப்பு. சிப்புரோ என்பது திராட்சைச் சக்கையிலிருந்து வடித்த சாராயம். ஒயினுக்காகச் சாறு பிழிந்தபின் மிஞ்சும் தோலையும் விதையையும் புளிக்கவைத்து, அக்டோபர், நவம்பர் மாதங்களில் செப்புக் கொப்பரையில் காய்ச்சி வடிக்கிறார்கள். முதலில் சொட்டுவதைக் கீழே ஊற்றிவிட வேண்டும். கடைசியில் வருவதும் உதவாது. நடுவில் வருவதுதான் சரக்கு. வோலோஸ் இருக்கும் தெசாலிப் பகுதியில் இரண்டாம் முறை வடிக்கும்போது சோம்பு சேர்ப்பது பழைய வழக்கம். வீரியம் 40 சதவீதத்தை ஒட்டி இருக்கும். சோம்பின் எண்ணெய் சாராயத்தில் கரையும், தண்ணீரில் கரையாது. அதனால் சோம்புச் சிப்புரோவில் பனிக்கட்டி விழுந்ததும் அது பால்போல் வெளுக்கும். 1988ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இதைப் புட்டியில் அடைத்து முத்திரையிட்டு விற்க வழியில்லை. வடித்தவரிடமிருந்து கடைக்குக் கொள்கலனில் போய், அங்கிருந்து குப்பிக்கு மாறியது.

இவ்வளவு கடுமையான பானத்தை வெறும் வயிற்றில் குடிப்பதைக் கிரேக்கர்கள் மதிப்பதில்லை. கையில் தட்டில்லாமல் குடிப்பவனைக் குடிகாரன் என்பார்கள். தட்டோடு குடிப்பவன் நண்பர்களோடு உட்கார்ந்திருப்பவன். ஆகவே ஒரு குப்பிக்கு ஒரு தட்டு என்ற கணக்கு வந்தது. அடுத்த குப்பி கேட்டால் அடுத்த தட்டு. தட்டுக்குத் தனி விலை இல்லை. குப்பியின் விலைக்குள் அது அடக்கம்.

இந்தக் கணக்கை வோலோசுக்குக் கொண்டுவந்தவர்கள் அகதிகள். 1922இல் ஆசியா மைனர் கரையிலிருந்து கிரேக்கர்கள் துரத்தப்பட்டார்கள். ஸ்மிர்னா எரிந்தது, இன்றைய இஸ்மிர் அதுதான். அடுத்த ஆண்டு லோசான் உடன்படிக்கையின்படி மக்கள் பரிமாற்றம் நடந்தபோது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கிரேக்கத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். வோலோசுக்கு வந்தவர்கள் க்ராவ்சிதோனாஸ் காட்டாற்றுக்கு அப்பால் குடியேறினார்கள். அந்தக் குடியிருப்புக்குப் புதிய அயோனியா என்று பொருள்படும் நேயா இயோனியா என்ற பெயர் வந்தது. புகையிலைக் கிடங்குகளிலும் ஆலைகளிலும் துறைமுகத்திலும் அவர்களுக்கு வேலை கிடைத்தது. சுமை தூக்குகிறவர்கள் விடியுமுன் கிளம்பி நண்பகலில் கை கழுவுகிறவர்கள். வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு குப்பி சிப்புரோ. அதோடு, விட்டுவந்த கரையில் பழகிய முறையில், தொட்டுக்கொள்ளச் சிறிது மீனோ ஊறுகாயோ. ஊர் தன் கதையை இப்படித்தான் சொல்கிறது. சிப்புராதிக்கோ இன்றும் மதியத்துக்குரிய இடமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். இரவிலும் திறந்திருக்கும் கடைகள் உண்டு. ஆனால் ஊர்க்காரர்களுக்கு அதன் வேளை நண்பகல்.

பிழிந்த சக்கையிலிருந்து வடித்த பானம். சந்தையில் பெரிய விலைக்குப் போகாத சிறுமீன். பணக்காரன் கை படாத இரண்டு பொருள்களிலிருந்து எழுந்த கலை இது. அந்த எளிமை தட்டின் அளவில் இன்றும் தங்கியிருக்கிறது.

முதல் குப்பியோடு வருவது பெரும்பாலும் அடுப்பைத் தொடாத பண்டம். உப்புநீரில் ஊறிய ஆலிவ், வினிகரில் போட்ட காய், மீன்முட்டையை எலுமிச்சைச் சாற்றோடு அரைத்த தராமா. கடலோரப் பாறையிடுக்கில் முளைக்கும் கிரீத்தமோ என்ற சதைப்பற்றான கீரையும் வரலாம். ஊருக்குப் பின்னால் பெலியோன் மலை நிற்கிறது. அங்கே வசந்த காலத்தில் காட்டுப் பிஸ்தா இன மரத்தின் இளந்தளிரைக் கிள்ளிவந்து உப்பிலும் வினிகரிலும் போடுகிறார்கள். சிச்சீரவ்லா என்று பெயர். மெல்லத் தொடங்கியதும் புளிப்பு, பிறகு துவர்ப்பு, விழுங்கியபின் நாவின் அடியில் பிசின் வாசம். அந்த வாசத்தின்மேல் சிப்புரோ இறங்கும்போதுதான், மலையில் கிள்ளிய தளிரைக் கடற்கரைக் கடையில் ஏன் வைக்கிறார்கள் என்பது விளங்கும். இதற்குச் சோம்பு போடாத சிப்புரோதான் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. சோம்பு வலிய வாசனை. அது வந்துவிட்டால் பிசின் காணாமல் போய்விடும். பொரித்த மீன் வரும்போது சோம்புக்கு மாறிக்கொள்ளலாம்.

இரண்டாவது குப்பிக்கு நெத்திலி வரக்கூடும். கத்தி வேண்டாம், கட்டைவிரல் நகத்தாலேயே முள்ளை உருவி, உப்பிட்டு, வினிகரில் போடுகிறார்கள். சாம்பல் நிறச் சதை வெளுத்ததும் எடுத்து ஆலிவ் எண்ணெயில் நனைத்து, மேலே பூண்டுத் துணுக்கும் பார்ஸ்லியும் தூவுகிறார்கள். வினிகரில் ஊறும் நேரம்தான் இங்கே கைத்திறன். குறைந்தால் பச்சை வாடை. கூடினால் மீன் மாவாகிவிடும். அல்லது லகேர்தா வரும். சூரை இனத்து மீனைக் கனத்த துண்டங்களாக்கி, உப்புநீரில் போட்டு இரத்தம் முழுவதும் வடியும்வரை நீர் மாற்றி, உப்பில் பதப்படுத்தி எண்ணெயில் வைப்பது அது. பொஸ்பரஸ் நீரிணைக் கரையின் சரக்கு. அகதிகளோடு வந்த சுவைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மெழுகை வெட்டுவதுபோல் கத்தி இறங்கவேண்டும். இரண்டு துண்டுக்கு மேல் யாராலும் தின்ன முடியாது. தட்டில் ஆளுக்கு இரண்டுதான் இருக்கும்.

அப்புறம் எண்ணெய்ச் சட்டி வேலை தொடங்கும். மாவில் புரட்டி, தலையோடும் முள்ளோடும் பொரித்த பொடிமீன். அதிர்ஷ்டமிருந்தால் சின்ன நவரை. அதற்குமேல் கரி அடுப்பு. அதற்கும் மேல், நாலாவது ஐந்தாவது சுற்றில், தக்காளியிலும் ஃபெத்தா பாலாடைக்கட்டியிலும் வெந்த இறாலோ சிப்பியோ, சின்னச் சட்டியோடு அப்படியே. ரொட்டியைக் கிழித்துக் குழம்பில் தோய்க்கும் இடம் அது. மலைப்பக்கத்துக் காரத் தொத்திறைச்சியும் குடைமிளகாயும் சேர்ந்த ஸ்பெட்சோஃபாயும் சில கடைகளில் தலைகாட்டும். மீனுக்கு நடுவில் இறைச்சி எதற்கு என்று கேட்பவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். நான் அவர்கள் கட்சி.

கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த ஒழுங்கு உடனே பிடிபடும். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துத் தந்த முறையில் வர்ணம் விறுவிறுப்பாக அவையை எழுப்பும். சிறு கிருதிகள் காதைப் பழக்கும். காது பழகிய பிறகுதான் பெரிய ராகம் விரியும். புளிப்பும் உப்பும் முதலில் நாவை எழுப்புவதும், நெருப்பும் குழம்பும் பின்னால் வருவதும் அதே அறிவுதான். வரிசையை மாற்றி, இறால் குழம்புக்குப் பிறகு கிரீத்தமோவைத் தந்தால் கீரை கீரையாகவே தெரியாது.

கரி அடுப்பில் சற்று நிற்கவேண்டும். ஏனென்றால் பேய்க்கணவாய் அங்கே இருக்கிறது. பிடித்ததும் பாறையில் ஓங்கி ஓங்கி அடித்துத் தசையைத் தளர்த்துவது மீனவர் வழக்கம். பிறகு கொடியில் போட்டு வெயிலில் காயவிடுவார்கள். கிரேக்கத் தீவுகளின் புகைப்படங்களில் துணிபோல் தொங்கும் கால்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். அழகுக்காகத் தொங்கவிட்டதல்ல. நீர் வற்றினால்தான் கரியின் மேல் வேகாமல் சுடுபடும்; உள்ளே நீர் இருந்தால் அது ஆவியில் வெந்து ரப்பராகிவிடும். நன்றாகச் சுட்ட காலில் உறிஞ்சுகுமிழ்கள் கருகி மொறுமொறுக்கும், உள்சதை வெண்மையாகப் பிரியும். வினிகர், எண்ணெய், கொஞ்சம் உலர்ந்த ஒரேகானோ, வேறெதுவும் கூடாது. காலின் நுனியும் அடியும் ஒரே சுவை அல்ல. நுனி சுருண்டு முறுகியிருக்கும். அடி கனத்து, சாறு பிடித்திருக்கும். தனியாக ஒரு முழுக் காலைத் தின்கிறவர் இந்த வேறுபாட்டைக் கவனிக்கமாட்டார். நால்வருக்கு ஒரு கால் வரும்போது, யாருக்கு எது என்பது மேசையில் ஒரு பேச்சாகிறது. ஒருவர் நுனியை எதிரே இருப்பவர் பக்கம் தள்ளுகிறார்; அவர் அடித்துண்டைத் திருப்பித் தள்ளுகிறார். பேச்சு அங்கிருந்து வேறெங்கோ போகிறது.

நம்மவர்களுக்குக் கை தயங்கும் இடம் ஒன்றும் இங்கே உண்டு. எல்லோரும் தத்தம் முள்கரண்டியை நேராகப் பொதுத் தட்டில் நீட்டுகிறார்கள். வாயில் வைத்த கரண்டி மறுபடி தட்டுக்கு வருகிறது. எச்சில் என்ற எண்ணத்தோடு வளர்ந்தவர்களுக்கு முதல் சுற்று கொஞ்சம் சங்கடம்தான். ஆனால் கவனித்துப் பார்த்தால் அங்கேயும் கட்டுப்பாடு இருக்கிறது. தட்டைக் கிளறுவதில்லை, தன் பக்கத்துத் துண்டைக் குத்தி எடுப்பதோடு சரி. ஒருவர் இரண்டு எடுத்தால் அடுத்த தட்டில் சற்றுப் பொறுக்கிறார். யாரும் விதி சொல்லித்தரவில்லை. தட்டு சிறியதாக இருப்பதால் பார்வையே போதுமானதாகிவிடுகிறது. தட்டு பெரிதாக இருந்திருந்தால் ஒருவர் எவ்வளவு எடுத்தார் என்று யாருக்கும் தெரியாது, யாரும் யாருக்காகவும் பொறுக்கத் தேவையும் இருக்காது. சற்றே போதாமல் இருப்பதுதான் இந்தத் தட்டின் உயிர். வயிறு நிறைய வைக்கும் உணவகங்களை நான் மதிக்கிறேன். ஆனால் மேசையைச் சுற்றி இருப்பவர்களை ஒருவரையொருவர் கவனிக்க வைப்பது இந்தக் குறைவான தட்டுதான்.

மற்ற கரைகளின் முறையோடு ஒப்பிட்டால் வோலோசின் தனித்தன்மை தெளிவாகும். ஸ்பெயினின் வடகரையில் சான் செபஸ்தியானில் பிஞ்சோக்கள் மதுக்கடை மேடையில் அடுக்கியிருக்கும். நின்றபடி வேண்டியதை எடுத்து, ஒன்றிரண்டு தின்று, அடுத்த கடைக்கு நடப்பார்கள். அங்கே பகிர்ந்துகொள்வது தெருவை, தட்டு அவரவருடையது. துருக்கியில், வோலோஸ் அகதிகளின் பழைய கரையான ஏகியன் ஊர்களில், குளிர்ந்த மெஸேக்களைப் பெரிய தாம்பாளத்தில் மேசைக்கே கொண்டுவந்து காட்டுவார்கள். கண்ணால் பார்த்து விரலால் சுட்டித் தேர்ந்துகொள்ளலாம். அதுவும் இனிய முறைதான். ஆனால் இரண்டிலும் தேர்வு உண்பவனிடம் இருக்கிறது. வோலோசில் தேர்வை அடுக்களையிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்கிறோம்.

ஒப்படைப்பதால் அடுக்களைக்குப் பொறுப்பு கூடுகிறது. எந்த மேசை எத்தனையாவது சுற்றில் இருக்கிறது என்பது உள்ளே தெரிந்திருக்கவேண்டும். ஒரே மேசைக்கு ஒரே மெஸே இரண்டுமுறை போகக்கூடாது. பக்கத்து மேசைக்கு வந்தது நமக்கு வந்தே தீரவேண்டும் என்பதில்லை. நமக்கு வந்தது அவர்களுக்கு வராமலும் போகலாம். வாடிக்கையாக வருகிறவர் நேற்று என்ன தின்றார் என்பதையும் நல்ல கடைக்காரர் நினைவில் வைத்திருப்பார். குப்பி பாதி இருக்கும்போதே அடுத்த தட்டு வந்தால் அவசரப்படுத்துவதாகும். காலியாகி வெகுநேரம் கழித்து வந்தால் பேச்சு தொய்ந்துவிடும். இந்தக் காலக் கணிப்பைக் கொண்டே நான் ஒரு சிப்புராதிக்கோவை மதிப்பிடுவேன். மீனின் ருசி அதற்கு அடுத்ததுதான்.

இந்த முறைக்குள் ஒரு பொருளாதார நுட்பமும் ஒளிந்திருக்கிறது. வோலோஸ் இருப்பது பகசித்திக்கோஸ் வளைகுடாவின் உள்மடியில். மூன்று பக்கம் நிலம் சூழ, குறுகலான வாய் வழியாக மட்டும் வெளிக்கடலைத் தொடும் நீர் அது. சிறு படகுகளின் கடல். காலையில் ஒருவர் இரண்டு கிலோ இறாலோடு வருவார், இன்னொருவர் ஒரு கூடை மத்தியோடு வருவார். அச்சடித்த உணவுப் பட்டியல் உள்ள கடை அந்த இரண்டு கிலோவை வாங்கி என்ன செய்யும்? பட்டியலில் இறால் இருந்தால் எல்லா நாளும், கேட்கும் எல்லோருக்கும் கொடுத்தாகவேண்டும். ஆகவே அது உறைபனிப் பெட்டிச் சரக்கைத் தேடிப் போகும். பட்டியல் இல்லாத கடைக்கு இரண்டு கிலோ போதும். நாலாவது சுற்றை எட்டும் சில மேசைகளுக்கு இறால், தீர்ந்தால் கணவாய், அதுவும் தீர்ந்தால் சுட்ட மத்தி. யாருக்கும் ஏமாற்றமில்லை, ஏனென்றால் யாரும் எதையும் கேட்கவில்லை. கடல் அன்று தந்ததை அப்படியே மேசைக்கு மாற்ற இதைவிடச் சிறந்த வழியை நான் அறியேன்.

அதனால்தான், ஊரிலேயே பட்டியல் அட்டைகள் பெருகிவருவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. கடற்கரையில் ஆர்கோநாஃப்தோன் தெருவில், பழைய புகையிலைக் கிடங்கு இன்று பல்கலைக்கழகமாக நிற்கும் பக்கம்வரை, வரிசையாகக் கடைகள். அவற்றில் பல இப்போது அட்டையை நீட்டுகின்றன. வெளியூர்க்காரர்களுக்கு விலை தெரியாமல் உட்காரப் பயம். நாலாவது சுற்றில் வரும் பண்டத்தை முதலிலேயே கேட்கும் அவசரம். அவர்களையும் குறைசொல்ல முடியாது. ஆனால் அட்டை வந்த மேசையில் நால்வரும் நான்கு விருப்பங்களோடு உட்காருகிறார்கள். எல்லாத் தட்டும் ஒன்றாக வந்து, முதலாவது ஆறும்போது கடைசி சுடுகிறது. பெருநகர உணவகங்களில் இன்று நாகரிகமாக இருக்கும் பகிர்வுத் தட்டுகளின் கோளாறும் இதுதான். சிறு தட்டைக் கடன் வாங்கிக்கொண்டார்கள், வரிசையை விட்டுவிட்டார்கள்.

அண்மைக் காலத்தில் ஊரின்மேல் வேறு அடிகளும் விழுந்தன. 2023 செப்டம்பரில் தானியல் புயல் தெசாலிச் சமவெளியையே மூழ்கடித்தது. 1962இல் வற்றவைக்கப்பட்டுப் பிற்காலத்தில் ஓரளவு மீட்கப்பட்ட கார்லா ஏரி, அந்த வெள்ளத்தில் பழைய பரப்பை நோக்கி விரிந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஏரியின் நன்னீர் மீன்கள் கால்வாய் வழியாகக் கடலுக்கு அடித்துவரப்பட்டு, உப்புநீரில் செத்து வோலோஸ் துறைமுகத்தை நிறைத்தன. நூறு டன்னுக்கு மேல் அள்ளினார்கள். மீன் நாற்றத்தில் கடலோரக் கடைகளுக்கு வாடிக்கையாளர் வரத்து விழுந்துபோனது. வளைகுடாவின் மீனையே நம்பி வாழும் ஊருக்கு, எங்கோ உள்நாட்டு ஏரியிலிருந்து வந்த மீனால் கேடு. அதற்குப் பிறகும் கடைகள் திறந்தன, கரி அடுப்பு மறுபடி மூண்டது.

போக வாய்ப்பிருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். நால்வராகப் போங்கள், இருவர் என்றால் தட்டு போதுமானதாகிவிடும், எட்டுப் பேர் என்றால் பேச்சு இரண்டாக உடையும். முடிந்தால் கடற்கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே, நேயா இயோனியாப் பக்கம், ஊர்க்காரர்கள் மதியத்தில் நிரம்பியிருக்கும் கடையைத் தேடுங்கள். அட்டை கொடுத்தால் மூடி வைத்துவிட்டு 'மே' என்றோ 'ஹோரீஸ்' என்றோ சொல்லுங்கள். ரொட்டியால் வயிற்றை நிரப்பிக்கொள்ளாதீர்கள். அடுத்து என்ன வரும் என்று பரிசாரகரிடம் கேட்காதீர்கள். ஐந்தாவது குப்பியோடு எழுந்துவிடுங்கள். அதற்குமேல் நாவுக்கு எதுவும் பிடிபடாது. ஏதென்சிலிருந்து வோலோசுக்குச் சாலை வழி சுமார் 330 கிலோமீட்டர். காலையில் புறப்படும் பேருந்தில் ஏறினால், மதிய வேளைக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.